சத்தமும் கணக்கும்

வத்தலக்குண்டு என்றதும் இலக்கிய வாசகர்களுக்கு மூன்று பெயர்கள் நினைவுக்கு வரும். ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய பி. ஆர். ராஜமய்யர், மணிக்கொடியைச் சிறுகதை இதழாக நடத்திய பி. எஸ். ராமையா, 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய சி. சு. செல்லப்பா. மூவரும் இவ்வூரோடு இணைத்துப் பேசப்படுகிறவர்கள். கொடைக்கானலுக்கு வண்டியோட்டுகிறவர்களுக்கு இவ்வூர் வேறொரு காரணத்தால் முக்கியமானது. மலைப்பாதை தொடங்கும் முன்பு தண்ணீர் ஊற்றி, டயரைத் தட்டிப் பார்த்து, மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு கிளம்புவதற்கான கடைசி ஊர் இது. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது வத்தலக்குண்டைப் பற்றியது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் மாதக் காலையில் வாடகைக் காரில் மலையேறிக்கொண்டிருந்தோம். டம் டம் பாறையைத் தாண்டி, ஊத்து வருவதற்குள் ஒரு வளைவில் இஞ்சின் நின்றுவிட்டது. வெடிப்போ புகையோ உலோகம் உரசும் ஓசையோ எதுவும் இல்லை. வண்டி ஓரடி பின்னால் நகர்ந்தது. ஓட்டுநர் கைப்பிரேக்கை இழுத்தார். நான் இறங்கி ஒரு கல்லைத் தூக்கிப் பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்தேன்.

வத்தலக்குண்டிலிருந்து மெக்கானிக் பைக்கில் வந்து சேர ஒரு மணி நேரம் ஆயிற்று. ஐம்பது வயதிருக்கும். பானெட்டைத் திறக்கும் முன்பே ஓட்டுநரிடம் கேட்டார்.

“தம்பி, வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?”

“எண்பத்திரண்டாயிரம்ணே.”

“பெல்ட் மாத்துனதா?”

“புக்குல ஒரு லட்சம்னு போட்டிருக்குண்ணே.”

“வண்டி எங்க ஓடுது?”

“இங்கதாண்ணே. மேலயும் கீழயும்.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். சாவியைத் திருப்பச் சொன்னார். ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட வேகமாக, எதிர்ப்பே இல்லாமல் சுற்றியது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்தபடி மறுபடியும் திருப்பச் சொன்னார். உள்ளே அசைய வேண்டிய எதுவும் அசையவில்லை. “பெல்ட் போயிருச்சு” என்றார்.

“காலையிலகூட ஒரு சத்தமும் இல்லையேண்ணே” என்றார் ஓட்டுநர்.

“செயினா இருந்தா சத்தம் போடும் தம்பி. பெல்ட்டு சொல்லாமத்தான் போகும்.”

அந்தப் பதிலை விளங்கிக்கொள்ள முயன்றபோது நான் தெரிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன்.

*

கார் இஞ்சினின் வேலையை நான்கு அடிகளாகப் பிரிப்பார்கள். பிஸ்டன் கீழே இறங்கிக் காற்றையும் எரிபொருளையும் உள்ளிழுக்கிறது, மேலேறி அழுத்துகிறது, எரிந்த வாயு அதைக் கீழே தள்ளுகிறது, மறுபடி மேலேறிப் புகையை வெளியேற்றுகிறது. பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்குவது கிராங்க் தண்டு. காற்று வரவும் புகை போகவும் கதவுகளாக இருப்பவை வால்வுகள். அவற்றைத் திறப்பது கேம் தண்டு, மூடுவது ஸ்பிரிங். நான்கு அடிகளில் கிராங்க் தண்டு இருமுறை சுற்றுகிறது. அதே நேரத்தில் ஒவ்வொரு வால்வும் ஒரேயொரு முறை திறந்தால் போதும். ஆகவே கிராங்க் இருமுறை சுற்றினால் கேம் ஒருமுறை சுற்ற வேண்டும். ஒன்றின் பல்சக்கரத்தில் 20 பற்கள் என்றால் மற்றதில் 40.

இந்தக் கணக்கு ஒரு பல்கூடத் தவறக் கூடாது. தவறினால் கதவு திறக்க வேண்டிய நேரத்தில் மூடியிருக்கும், இஞ்சின் இழுக்காது. இன்றைய கார்களின் பெரும்பாலான இஞ்சின்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வால்வு முழுதாகத் திறந்து இறங்கும் இடமும் பிஸ்டன் ஏறிவரும் இடமும் ஒன்றேதான். இரண்டும் ஒரே நேரத்தில் அங்கே வராததால்தான் மோதாமல் இருக்கின்றன. இரு தண்டுகளையும் பிணைப்பது அறுந்தால் கேம் நின்றுவிடும். கிராங்க் சில சுற்றுகள் ஓடும். திறந்த நிலையில் நின்றுபோன வால்வுகளைப் பிஸ்டன் வந்து அடிக்கும். எங்கள் காரின் ஹெட்டைக் கழற்றியபோது எட்டு வால்வுகள் வளைந்திருந்தன.

அந்தப் பிணைப்பை மூன்று விதமாகச் செய்திருக்கிறார்கள். பல்சக்கரங்களை நேரடியாகக் கோப்பது, சங்கிலி, பல்வைத்த ரப்பர் பட்டை. மெக்கானிக்குகளின் மொழியில் டைமிங் கியர், டைமிங் செயின், டைமிங் பெல்ட்.

*

கொடைக்கானலுக்கு ஏறிய முதல் தலைமுறைக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. 1821இல் லெப்டினன்ட் வார்டு பழனி மலையை அளந்தார். 1845இல் மதுரை அமெரிக்க மிஷன்காரர்கள் முதல் இரு வீடுகளைக் கட்டினார்கள். 1863இல் மதுரைக் கலெக்டராக இருந்த வியர் லெவிஞ்சின் முயற்சியில் ஏரி உருவானது. இவ்வளவும் நடந்தபோது மலைக்கு வண்டிப்பாதை இல்லை. பெரியகுளம் பக்கத்திலிருந்து நடந்தோ குதிரையிலோ டோலியிலோதான் ஏறினார்கள். டோலி சுமந்தவர்களின் தோள்கள் மாறிமாறி ஏற்ற பாரத்தில்தான் கொடைக்கானல் ஒரு ஊராயிற்று. 1875இல் ரயில் வந்த பிறகும் அம்மையநாயக்கனூரில் இறங்கி மாட்டுவண்டியில் அடிவாரம் வரை வர வேண்டும். அதற்கு மேல் மனிதத் தோள்தான்.

மோட்டார் வண்டி ஏறக்கூடிய பாதை 1910களின் நடுப்பகுதியில்தான் முடிந்தது. அதைத் திட்டமிட்ட மேஜர் லாவின் பெயரால் இன்றும் அது லாஸ் காட் ரோடு. அதே காலத்தில் தமிழ்நாட்டில் மோட்டார் தொழில் பிறந்துகொண்டிருந்தது. 1911இல் மதுரையில் டி. வி. சுந்தரம் அய்யங்கார் தம் நிறுவனத்தைத் தொடங்கிப் பேருந்துகளை ஓட்டினார். மலைத்தொடரின் வடக்கு அடிவாரத்தில், 1920இல், ஜி. டி. நாயுடு தம் முதல் பேருந்தைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார், அவரே ஓட்டுநர். டி.வி.எஸ். பேருந்து கடந்துபோவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வோம் என்று மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வெளியே அட்டவணை தவறாமல் ஓடிய அந்த வண்டிகளுக்குள்ளும் ஓர் அட்டவணை தவறாமல் ஓட வேண்டியிருந்தது.

அதைக் காத்தவை பெரும்பாலும் பல்சக்கரங்கள். 1908 முதல் 1927 வரை தயாரான ஃபோர்டு டி மாடலில் கேம் தண்டு கிராங்குக்குப் பக்கத்திலேயே இருந்தது. இரண்டு சக்கரங்களைக் கோத்தால் வேலை முடிந்தது. கனம் அதிகம், இரைச்சலும் அதிகம். ஆனால் அறுவதற்கு எதுவும் இல்லை. லாரி, பேருந்து டீசல் இஞ்சின்களில் இன்றும் பல்சக்கரங்களே மிகுதி. கொடைக்கானலுக்கு ஏறும் பேருந்தின் உறுமலில் அவற்றின் குரலும் கலந்திருக்கிறது.

*

சங்கிலியின் கதை மோட்டாருக்கு முந்தையது. மான்செஸ்டரில் குடியேறிய சுவிட்சர்லாந்துக்காரரான ஹான்ஸ் ரெனால்ட் 1880இல் உருளைச் சங்கிலியைச் செம்மைப்படுத்திக் காப்புரிமை பெற்றார். நம் மிதிவண்டியில் ஓடுவது அந்தச் சங்கிலிதான். அதே சங்கிலி கார் இஞ்சினுக்குள்ளும் போயிற்று. பல்சக்கரத்தைவிட ஓசை குறைவு. தண்டுகளைச் சற்றுத் தள்ளியும் வைக்கலாம்.

சுதந்திர இந்தியாவின் சாலைகள் நெடுங்காலம் சங்கிலியின் சாலைகள். அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் இஞ்சினில் சங்கிலி. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் சங்கிலி. அவற்றைச் செய்யும் தொழிலும் இங்கே வேர்விட்டது. 1960இல் சென்னையில் டி.ஐ. டயமண்ட் செயின் தொடங்கப்பட்டது. கோயம்புத்தூரின் எல்.ஜி. பாலகிருஷ்ணன் அண்டு பிரதர்ஸ் 1937இல் போக்குவரத்து நிறுவனமாகப் பிறந்து பின்னாளில் ரோலான் சங்கிலிகளுக்குப் பெயர்பெற்றது. வண்டி ஓட்டியவர்களே வண்டியின் உறுப்பைச் செய்பவர்களாக மாறியது கொங்கு நாட்டுக்கு உரிய இயல்பு.

சங்கிலி நீண்டுவிட்டது என்பார்கள். உண்மையில் இரும்பு இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியின் ஊசியும் அது சுழலும் குழலும் மயிரிழை தேய்கின்றன. ஐம்பது அறுபது கண்ணிகளின் தேய்மானம் கூடும்போது சங்கிலி தளர்கிறது. தளர்ந்த சங்கிலி மூடியில் அடிக்கும். காலையில் குளிர்ந்த இஞ்சினைக் கிளப்பும்போது சில நொடிகள் கலகலவென்று ஒரு சத்தம் வரும். நாளாக ஆகச் சத்தம் நீளும். கூடவே கேம் தண்டு சற்றுப் பின்தங்கும். அம்பாசடரில் பொறியை வழங்கும் டிஸ்டிரிபியூட்டரையும் கேம் தண்டே சுழற்றியதால் வால்வோடு பொறியும் பின்தங்கும். சமவெளியில் இது தெரியாமல் போகலாம். பெருமாள்மலை ஏற்றத்தில் தெரிந்துவிடும். “இழுவை குறைஞ்சிருச்சு” என்று ஓட்டுநர் வந்து சொல்வார். சங்கிலி தேய்ந்ததை மலைதான் முதலில் கண்டுபிடித்தது.

அன்றைக்கு இழுவை வண்டிக்காகக் காத்திருந்தபோது மெக்கானிக் தம் தொழிற்காலத்தின் தொடக்கத்தைப் பற்றிப் பேசினார். அவருடைய மேஸ்திரி ஒரு நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை இஞ்சின்மேல் வைத்து, பிடியைக் காதோடு சேர்த்து அழுத்திக் கேட்பாராம். முன்பக்கம் கேட்பது செயின், நடுவில் கேட்பது டேப்பெட், அடியில் கேட்பது பேரிங். சீடனுக்கு முதல் இரண்டு வருஷங்கள் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பதும் கேட்பதும்தான் வேலை. “என்ன சத்தம் வருதுன்னுதான் எங்க மேஸ்திரி முதல்ல கேப்பார். நான் எத்தனை கிலோமீட்டர்னு கேக்குறேன்” என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் பெருமை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

*

முதல் கேள்வியை மாற்றிய பட்டை ஒரு தையல் இயந்திரத்துக்காகப் பிறந்தது. சாதாரணப் பட்டை வழுக்கும். மேல் ஊசியும் கீழ்க் கொக்கியும் ஒத்திசைய வேண்டிய தையல் இயந்திரத்தில் வழுக்கலுக்கு இடமில்லை. 1940களில் அமெரிக்காவில் ரிச்சர்ட் கேஸ் என்பவர் சிங்கர் இயந்திரத்துக்காக ரப்பர் பட்டையின் உட்புறத்தில் பற்களை அமைத்தார். அதை இஞ்சினுக்குள் கொண்டுவந்து பெருமளவில் தயாரித்த முதல் கார் 1962இல் வந்த கிளாஸ் 1004. விதைக்கும் கருவிகள் செய்துகொண்டிருந்த ஒரு பவேரிய நிறுவனத்தின் கார் அது. 1966இல் ஃபியட்டுக்காக லாம்பிரெடி வடிவமைத்த இரட்டைக் கேம் இஞ்சின் பட்டையைப் புகழ்பெறச் செய்தது.

பட்டைக்கு ஏன் தேவை வந்தது? இஞ்சின்களின் வேகம் கூடக்கூடக் கேம் தண்டை வால்வுகளுக்கு நேர்மேலே, ஹெட்டுக்குள் ஏற்றினார்கள். கிராங்குக்கும் கேமுக்கும் தூரம் அதிகமாயிற்று. நீண்ட சங்கிலிக்குக் கனமும் இரைச்சலும் உண்டு. அதற்கு ஆயிலும் அந்த ஆயிலை அடைத்துவைக்கும் உலோகப் பெட்டியும் வேண்டும். பட்டைக்கு ஆயில் வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் மூடி போதும். விலை குறைவு, கனம் குறைவு, சத்தம் இல்லவே இல்லை. ரப்பருக்குள் ஓடும் கண்ணாடி நாரிழைகள் அதை நீளாமல் காத்தன.

1983 டிசம்பரில் முதல் மாருதி 800 சாலைக்கு வந்தது. அதன் மூன்று சிலிண்டர் இஞ்சினில் பட்டை. அம்பாசடரில் பழகிய காதுகளுக்கு அந்த அமைதியே ஒரு புதுமை. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த சான்ட்ரோவிலும் பட்டை. மதுரைக் கோச்சடையின் ஃபென்னர் ஆலை பெல்ட்டுகளுக்குப் பெயர்பெற்றது. மதுரையிலிருந்து கொடைக்கானலுக்குப் போகும் வழியில் நிலக்கோட்டையிலும் அந்நிறுவனத்துக்கு ஓர் ஆலை உண்டு. மலையேறுகிற எத்தனை பேர் அதை அறிந்திருப்பார்கள்?

பட்டை தேய்வது கண்ணுக்கும் காதுக்கும் எட்டாதது. வெப்பத்தில் ரப்பர் இறுகும், பல்லின் அடியில் மெல்லிய பிளவு விழும், உள்ளிழைகள் ஒவ்வொன்றாக அறும். வண்டி ஓடாமல் நின்றிருந்தாலும் ரப்பருக்கு வயதாகும். கசியும் ஆயில் பட்டால் இன்னும் விரைவாகக் கெடும். இழுவை குறையாது, சத்தம் வராது. பிறகு ஒருநாள் அறுந்துவிடும். அது இறக்கமாக இருந்தால் இன்னும் மோசம். இஞ்சின் நின்றதும் பிரேக்குக்குத் துணையான வெற்றிட அழுத்தம் இரண்டு மூன்று மிதிகளில் தீர்ந்துவிடும். பிறகு பலமாக மிதிக்க வேண்டும். ஸ்டீயரிங் கனத்துவிடும். அதனால்தான் தயாரிப்பாளர்கள் காதை நம்பாமல் ஒரு கணக்கைத் தந்தார்கள். பொதுவாக அறுபதாயிரம் முதல் ஒரு லட்சம் கிலோமீட்டர் அல்லது நான்கைந்து வருடங்கள், எது முதலில் வருகிறதோ அது. நல்ல நிலையில் இருப்பதுபோல் தெரிந்தாலும் கழற்றி எறிந்துவிட வேண்டும்.

*

ஆனால் புத்தகத்தின் கணக்கில் மலை இல்லை. வீட்டுக்கு வந்தபின் நான் போட்டுப் பார்த்த கணக்கு இது. சமவெளியில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காரின் இஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுகள் சுற்றுவதாக வைத்துக்கொண்டால், ஒரு கிலோமீட்டருக்கு 2250 சுற்றுகள். மலைப்பாதையில் அதே இஞ்சின் அதே 3000 சுற்றுகளில் இரண்டாம் கியரில் மணிக்கு 25 கிலோமீட்டர்தான் நகரும். ஒரு கிலோமீட்டருக்கு 7200 சுற்றுகள். மூன்று மடங்குக்கு மேல். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் வரை இரண்டு மணி நேர ஏற்றத்தில் கிராங்க் 3,60,000 முறை சுற்றுகிறது. ஒவ்வொரு வால்வும் 1,80,000 முறை திறந்து மூடுகிறது. இறங்கும்போதும் பிரேக்கைக் காக்கக் குறைந்த கியரில்தான் வர வேண்டும். ஆகவே கணக்கு அதிகம் மாறாது. மலையிலேயே ஓடும் வண்டியின் எண்பத்திரண்டாயிரம் கிலோமீட்டர், பட்டையைப் பொறுத்தவரை இரண்டு லட்சத்தைத் தாண்டிய தூரம். ஓட்டுநர் புத்தகத்தை மீறவில்லை. மீட்டர் சக்கரத்தைத்தான் எண்ணுகிறது, இஞ்சினை எண்ணுவதில்லை. “வண்டி எங்க ஓடுது?” என்று மெக்கானிக் கேட்டதன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது. மேஸ்திரியிடம் கேட்கப் பழகியவர், சத்தமே இல்லாத ஓர் உறுப்பிடம் கேட்பதற்கு வேறொரு கேள்வியைக் கண்டுபிடித்திருந்தார்.

இப்போது சங்கிலி திரும்பி வந்துவிட்டது. 2008க்குப் பிறகு வந்த மாருதியின் கே வரிசை பெட்ரோல் இஞ்சின்களிலும், இந்தியாவில் பல நிறுவனங்களின் கார்களில் ஓடிய ஃபியட்டின் 1.3 லிட்டர் டீசலிலும் சங்கிலிதான். ஆயில் அழுத்தத்தால் இயங்கும் டென்ஷனர் தளர்வை உடனுக்குடன் ஈடுசெய்வதால் பழைய இரைச்சலும் இல்லை. இஞ்சின் உள்ளவரை சங்கிலி இருக்கும் என்கிறார்கள். அந்த வாக்கு ஆயிலைப் பொறுத்தது. நேரத்துக்கு ஆயில் மாற்றாத வண்டியில் கரித்துகள் ஊசிகளை அரிக்கும். டென்ஷனர் சத்தத்தை மறைத்துக்கொண்டே இருக்கும். மறைக்க முடியாமல் போகும்போது தேய்வு முற்றியிருக்கும். பழைய சங்கிலியைப் போல இது முன்கூட்டியே பேசுவதில்லை. சில நிறுவனங்கள் ஆயிலுக்குள்ளேயே ஓடும் பட்டையையும் செய்தன. பொருந்தாத ஆயில் பட்டால் அது துகள் துகளாக உதிர்ந்து ஆயில் வழியை அடைத்தது. எந்த உறுப்பானாலும் அதன் முதுமையை அறிய ஒருவர் ஒரு வழியைக் கற்றே ஆக வேண்டியிருக்கிறது.

கொடைக்கானல் சாலையில் மின்சாரக் கார்களும் ஏறத் தொடங்கிவிட்டன. அவற்றில் வால்வு இல்லை, கேம் இல்லை, ஒத்திசைய வேண்டிய இரண்டு தண்டுகள் இல்லை. இறக்கத்தில் மோட்டாரே பிரேக்காகி மின்கலத்தை நிரப்புகிறது. நான் எழுதிய வரலாறு இன்னும் ஒரு தலைமுறையில் அருங்காட்சியகத்துக்குப் போய்விடக்கூடும். அந்த மின்கலத்தின் முதுமையை எதைக் கொண்டு அறிவது என்பதை அடிவாரத்துப் பட்டறைகள் இனிமேல்தான் கற்க வேண்டும்.

எங்கள் காருக்குப் புது வால்வுகளும் புதுப் பட்டையும் போட நான்கு நாட்கள் ஆயின. நான் அதற்குள் பேருந்தில் மேலே போய்விட்டு, இறங்கும் வழியில் பட்டறைக்குப் போனேன். பானெட்டின் உட்புறத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. தேதி, மீட்டர் கணக்கு, அடுத்து மாற்ற வேண்டிய கணக்கு எல்லாம் பேனாவில் எழுதியிருந்தன. அடுத்த மாற்றத்துக்குப் புத்தகம் சொல்லும் ஒரு லட்சத்துக்குப் பதிலாக நாற்பதாயிரத்தைத்தான் கூட்டியிருந்தார். பக்கத்தில், அடுத்து திறக்கப்போகும் யாரோ ஒருவருக்காக, ‘மலை வண்டி’ என்று எழுதி அடிக்கோடிட்டிருந்தார்.